உயிரோடு இருக்கும் அக்காவின் பெயரில் அறக்கொடை: எங்கே கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?

பாலக்கோட்டுத் தம்பி (ஞாயிறு, இரவு 9.10)

இந்தக் குழுவில் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்தாரும் இருப்பதால் இங்கே கேட்கிறேன். என் மூத்த அக்காவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், தருமபுரிக்குச் சென்று டயாலிசிஸ் செய்துகொள்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகள் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தவர். எங்கள் அப்பா தவறியபோது எனக்கு வயது ஒன்பது. அதன் பிறகு என் பள்ளிச் சீருடை முதல் கல்யாணப் பத்திரிகை வரை அவர் கை படாதது எதுவும் இல்லை.

காவேரிப்பட்டணத்தை அடுத்து எங்களுக்குப் பொதுவில் ஒரு மாந்தோப்பு இருக்கிறது. பெரும்பாலும் பெங்களூரா மரங்கள். ஓரத்தில் கொஞ்சம் செந்தூரா. இந்த ஆண்டு தோப்பைக் குத்தகைக்கு விட்டதில் 1,80,000 ரூபாய் வந்திருக்கிறது. வழக்கமாக அண்ணன், அக்கா, நான் என மூன்று பங்காகப் பிரித்துக்கொள்வோம். இம்முறை அண்ணனும் நானும் பேசி, முழுத் தொகையையும் அக்காவின் பெயரில் ஏதேனும் ஒரு தொண்டு நிறுவனத்திற்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். தோப்புக்குச் சொந்தக்காரியாக இருந்தும், பொட்டாசியம் ஏறிவிடும் என்பதால், மூன்று பருவமாக அக்கா ஒரு மாம்பழம்கூட முழுதாகச் சாப்பிட்டதில்லை. அந்தத் தோப்பின் பணத்தை எடுத்துச் செலவு செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை.

சிறுநீரக நோயாளிகளுக்கே கொடுப்பதா, வேறு நல்ல காரியத்துக்கா? ஓர் இயந்திரமாக வாங்கிக் கொடுத்து அதில் அக்காவின் பெயரைப் பொறிக்க முடியுமா? அமெரிக்கக் குடியுரிமை பெற்றுள்ள அக்கா மகன் தானும் 1,000 டாலர் சேர்ப்பதாகச் சொல்கிறான். அதற்கு ஏதாவது தடை உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தென்பெண்ணைக் கரை (ஞாயிறு, இரவு 9.52)

நல்ல எண்ணம், தம்பி. என்னுடைய யோசனை எளிமையானது. அறநிலையத்துறைக் கோயில்களில் 2002 முதல் மதிய அன்னதானத் திட்டம் நடைபெறுகிறது. உங்கள் அக்காவின் நட்சத்திர நாளன்று ஒரு நாள் அன்னதானத்திற்கான தொகையைக் கட்டினால் கோயில் அலுவலகத்தில் ரசீது தருவார்கள். சத்துணவு போட்ட கைக்கு அன்னதானத்தைவிடப் பொருத்தமானது எது? தொகையை வங்கியில் போட்டு வட்டியில் ஆண்டுதோறும் செய்யும் கட்டளை முறையும் உண்டு. எங்கள் மாமியார் பெயரில் அப்படித்தான் செய்து வருகிறோம்.

ஊத்தங்கரை ஆசிரியை (திங்கள், காலை 6.15)

எங்கே கொடுப்பது என்பதை மற்றவர்கள் சொல்வார்கள். ரசீதிலும் பலகையிலும் என்ன எழுதப் போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஒருவர் பெயரைப் போட்டு நன்கொடை என்றாலே அச்சகத்தார் பழக்கத்தில் ‘நினைவாக’ என்று சேர்த்துவிடுவார்கள். என் தந்தையார் பக்கவாதத்தில் படுக்கையில் இருந்தபோது, அவர் படித்த பள்ளிக்கு இரண்டு பீரோ வாங்கிக் கொடுத்தோம். பீரோவின் கதவில் ‘அன்னாரின் நினைவாக’ என்று எழுதிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். பள்ளிக்கு வந்து பார்த்த அவருடைய பழைய மாணவர் ஒருவர் மாலையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார் என்பது உண்மைதான். ஆனால் அம்மா அந்த மாணவரை மன்னிக்க ஓராண்டு ஆயிற்று.

ஆகவே ‘பெயரில்’ என்றோ, கோயில் வழக்கப்படி ‘நலம் வேண்டி’ என்றோ எழுதச் சொல்லுங்கள்; எழுதியதை அச்சுக்குப் போகுமுன் நீங்களே படித்துப் பாருங்கள். எதை எழுதினாலும், நோயின் பெயர் அந்தப் பலகையில் வரக்கூடாது என்பது என் கருத்து. அவரை நோயாகவே ஊர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

கணக்குப்பிள்ளை (திங்கள், காலை 10.30)

பணம் சம்பந்தப்பட்டதை நான் சொல்கிறேன், தொழில் அதுதான்.

நீங்களும் அண்ணனும் வருமான வரி செலுத்துபவர்கள் என்றால், எல்லோரும் 80ஜி என்று சொல்லும் அனுமதி உள்ள அறக்கட்டளைக்குக் கொடுத்தால், பொதுவாக, கொடுத்த தொகையில் பாதியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதற்கும் உங்கள் மொத்த வருமானத்தில் பத்து சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை. புதிய முறைக்கு மாறியிருந்தால் அதை எதிர்பார்க்க வேண்டாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோதான். ஒரு தனி நோயாளியின் கையில் நேராகக் கொடுக்கும் பணத்துக்கு எந்தக் கழிவும் இல்லை. இன்னொன்று: ரசீது யார் கணக்கிலிருந்து பணம் போனதோ அவர் பெயரில்தான் இருக்க வேண்டும். அக்காவின் பெயரை ‘இன்னாரின் பெயரில் வழங்கப்பட்டது’ என்று குறிப்பாகச் சேர்க்கலாமே தவிர, உங்கள் பணத்துக்கு அவர் பெயரில் ரசீது வாங்கினால் இரண்டு பேருக்குமே பயன்படாமல் போகும். தோப்பில் அவருக்கும் பங்கு உண்டு என்கிறீர்கள். அந்த மூன்றில் ஒரு பங்கான 60,000 ரூபாய் அவருடைய பணம். அதை அவர் கணக்கிலிருந்து, அவர் கையெழுத்தில் கொடுக்கச் செய்வதே முறை.

மருமகன் விஷயம் சற்று நுட்பமானது. வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைதான். நம் ரத்தம், நம் ஊர் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. அதைப் பெறும் நிறுவனம் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும்; பணமும் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அந்த நிறுவனம் வைத்திருக்கும் தனிக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். ஊரில் உள்ள சிறிய அறக்கட்டளைகள் பலவற்றுக்கு இந்தப் பதிவு இருக்காது. கேட்காமல் அனுப்பினால் சிக்கல் அவர்களுக்கு. மகன் தாயின் செலவுக்கு அனுப்புவது வேறு. அதில் தடை இல்லை. ஆனால் நன்கொடையை மடைமாற்றுவதற்காகவே தாயின் கணக்குக்கு அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்கு மணி நேரம் (திங்கள், இரவு 11.20)

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். பதினொரு ஆண்டுகளாக இதே வேலை. இயந்திரம் வாங்கிக் கொடுப்பது பற்றிக் கேட்டிருப்பதால் எழுதுகிறேன்.

உங்களிடம் உள்ள தொகைக்குப் புதிய இயந்திரம் வராது. வருவதாக வைத்துக்கொண்டாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். முன்பு வேலை பார்த்த ஒரு தொண்டு மையத்தில், நன்கொடையாளர் பெயர் பொறித்த இயந்திரம் ஒன்று எட்டு மாதம் துணி போர்த்தி மூலையில் நின்றது. அதை இயக்கக் கூடுதல் ஆள் இல்லை, அதற்கேற்ற தண்ணீர் வசதியும் இல்லை. திறப்பு விழாவின் புகைப்படம் மட்டும் வரவேற்பறையில் மாட்டப்பட்டிருந்தது.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துக்கு இது முக்கியம். டயாலிசிஸ் இயந்திரத்தில் நிமிடத்துக்கு 500 மில்லி கரைசல் ஓடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். வாரம் மூன்று முறைக்கு 360 லிட்டர். நாம் ஒரு வாரம் முழுவதும் குடிப்பது இருபது லிட்டருக்குள்தான். நாம் குடிக்கும் தண்ணீரில் உள்ள உப்பும் ஃபுளோரைடும் குடல் வழியாகப் போய், மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இவர்களுக்கோ அந்த 120 லிட்டருக்கும் ரத்தத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. டயாலிசிஸ் தண்ணீரில் 0.2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஃபுளோரைடு காரணமாகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து, 2013-இல் தண்ணீர் விட்ட மாவட்டங்கள் இவை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் மையத்தில், தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. சவ்வை உரிய காலத்தில் மாற்றவில்லை என்றால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ‘ஆர்.ஓ. சவ்வு மாற்றிய செலவு, இன்னாரின் பெயரில்’ என்று யாரும் பலகை வைப்பதில்லை. தொண்டு மையத்துக்குக் கொடுப்பதாக இருந்தால், இயந்திரத்துக்கு என்று சொல்லாமல் பராமரிப்புக்கு என்று சொல்லிக் கொடுங்கள். அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

சென்னையில் 1993-இல் தொடங்கப்பட்ட டேங்கர் என்ற சிறுநீரக அறக்கட்டளை வசதியற்றவர்களுக்குச் சலுகைக் கட்டணத்தில் டயாலிசிஸ் நடத்தி வருகிறது. நெடுங்காலமாக இதே வேலையைச் செய்பவர்கள் என்பதால் விசாரித்துப் பார்க்கலாம்.

பாலக்கோட்டுத் தம்பி (செவ்வாய், காலை 7.05)

அனைவருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன மூன்றில் ஒரு பங்கு விஷயம் எனக்குத் தலையில் அடித்தாற்போல் இருந்தது. அக்காவின் பணத்தை அக்காவுக்கே காணிக்கையாகக் கொடுக்கக் கிளம்பியிருக்கிறோம்.

சித்தேரி அடிவாரம் (செவ்வாய், காலை 11.40)

மாவட்டத்துக்குள்ளேயே கொடுக்க நினைத்தால் சிட்லிங்கியை மறந்துவிடாதீர்கள். கல்ராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே உள்ள அந்தப் பள்ளத்தாக்குக்கு மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993-இல் வந்து ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். இன்று அது பழங்குடி மக்களுக்கான மருத்துவமனையாக வளர்ந்திருக்கிறது. மலைக் கிராமத்துப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள் என்பதுதான் எனக்கு அதில் பெரிதாகப் படுகிறது. லம்பாடிப் பெண்களின் கைவேலைக்கும் இயற்கை விவசாயத்துக்கும் அங்கே சங்கங்கள் உண்டு.

சிறுநீரக நோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கவனிக்கப்படாமல் போய்த்தான் பலர் டயாலிசிஸ் கட்டிலுக்கு வந்து சேர்கிறார்கள். மலை மேல் இருப்பவருக்கு மாதா மாதம் அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கும் ஓர் இடம் இருந்தால், அவர் அந்தக் கட்டிலுக்கு வருவதே தவிர்க்கப்படலாம்.

ஒருமுறை ஏமாந்தவன் (செவ்வாய், மாலை 4.15)

பெயர் பெற்ற இடமோ பெயர் இல்லாத இடமோ, விசாரிக்காமல் கொடுக்காதீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், மூக்கில் குழாயோடு படுத்திருந்த ஒரு குழந்தையின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. என் தங்கைக்கும் அதே நோய் என்பதால் கை நடுங்கியது. விசாரிக்காமல் 25,000 ரூபாய் அனுப்பினேன். பிறகு மருத்துவமனைக்குப் போன் செய்தபோது, அந்தக் குழந்தை ஆறு மாதத்துக்கு முன்பே குணமாகி வீடு திரும்பிவிட்டது என்றார்கள். யாரோ படத்தை மட்டும் எடுத்து, எண்ணை மாற்றிச் சுற்றவிட்டிருக்கிறார்கள். நம் வீட்டில் ஒரு நோயாளி இருக்கும்போது நம் அறிவு பாதிதான் வேலை செய்யும் என்பதை இப்படிப்பட்டவர்கள் நன்கு அறிவார்கள்.

பதிவு எண், நிரந்தரக் கணக்கு எண் (பான்), தணிக்கை செய்த வரவு செலவு அறிக்கை மூன்றையும் கேளுங்கள். யு.பி.ஐ.யில் அனுப்பும்போது திரையில் வரும் பெயர் அறக்கட்டளையின் பெயரா, ஒரு தனியாளின் பெயரா என்று பாருங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் இடத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

ஊத்தங்கரை ஆசிரியை (செவ்வாய், இரவு 8.30)

தம்பி, இவ்வளவு பேர் இவ்வளவு எழுதிவிட்டோம். உங்கள் அக்காவிடம் கேட்டீர்களா? இழையைத் தொடக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். அண்ணன் பேசினார், நீங்கள் பேசினீர்கள், மருமகன் பேசினார். அவர் பேசியதாக எங்கும் இல்லை.

பென்னாகரம் முதல் பேருந்து (புதன், இரவு 9.45)

நான் இந்தக் குழுவில் எழுதுவதில்லை, படிப்பேன். நானும் டயாலிசிஸ் செய்துகொள்பவன் என்பதால் இன்று எழுதுகிறேன். வயது நாற்பத்தாறு; ஐந்தாம் ஆண்டு நடக்கிறது. இன்று என் முறை. முடித்து வந்து மாலை வரை படுத்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்தேன்.

அரசு மருத்துவமனையில் டயாலிசிஸுக்கு எங்களிடம் பணம் வாங்குவதில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதனால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ‘எல்லாம் இலவசம்தானே’ என்று தோன்றும். என் கணக்கைச் சொல்கிறேன். வாரம் மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 156 முறை. போகவும் வரவும் 312 பயணம். திரும்பும்போது தலை சுற்றும், ரத்த அழுத்தம் இறங்கும் என்பதால் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். ஆக 624 பேருந்துச் சீட்டு. ஒரு சீட்டு 30 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 18,720 ரூபாய். துணைக்கு வருவது பெண்ணாக இருந்தால் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. ஆனால் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் வருகிற முதல் வண்டியில் ஏறத்தான் வேண்டும், அது எந்த வண்டி என்று பார்க்க முடியாது. பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோ தனி. துணைக்கு வருபவருக்கு அன்றைய கூலி போய்விடும். என் மனைவிக்கு நூறு நாள் வேலையில் பாதி நாள் இப்படியே போகிறது.

இதனால் என்ன நடக்கிறது என்றால், மாதக் கடைசியில் சிலர் ஒரு முறையை விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் நடுவில் வரும் நாளை. ‘காய்ச்சலாக இருந்தது’ என்று மறுநாள் சொல்வார்கள். தண்ணீரைக் குறைத்துக் குடித்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு ஆம்புலன்சில் வந்து சேர்வார்கள். அப்படி வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போனதில்லை. உங்கள் அக்காவுக்கு இது தெரிந்திருக்கும். மூன்று ஆண்டு ஒரே கூடத்தில் படுத்திருப்பவருக்குப் பக்கத்துக் கட்டில்காரர் ஏன் வரவில்லை என்பது தெரியாமல் இருக்காது.

இரவு ஷிப்ட் செவிலி (வியாழன், அதிகாலை 3.10)

மேலே எழுதிய அண்ணன் சொல்வது முழுக்க உண்மை. ஒரு தகவல் மட்டும் சேர்க்கிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வயிற்றின் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான பைகளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. எல்லோருக்கும் அது பொருந்தாது. வீட்டில் சுத்தமான ஓர் அறையும் கற்றுக்கொள்ளத் தயாரான ஒருவரும் வேண்டும். ஆனாலும் தொலைவிலிருந்து வருபவர்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

தனிச் செய்தியில் ஒருவர் அக்காவின் பெயரில் ரத்ததான முகாம் நடத்தலாமா என்று கேட்டார். தாராளமாக நடத்துங்கள்; 18 வயது முதல் 65 வரை, 45 கிலோவுக்குக் குறையாதவர்கள், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ஆனால் அந்த ரத்தம் அக்காவுக்கு என்று நினைக்க வேண்டாம். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு ரத்தம் ஏற்றுவதை முடிந்தவரை தவிர்க்கவே பார்ப்போம். ஏற்ற ஏற்ற எதிர்ப்புப் பொருள்கள் உருவாகி, பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பது கடினமாகும்.

தகடூர்ப் பழசு (வியாழன், காலை 9.00)

என் கருத்து வேறு. பெரும்பான்மைக்கு எதிராக இருந்தாலும் பதிவு செய்கிறேன். பேருந்துச் சீட்டுக்குப் பணம் கொடுப்பது அறம் ஆகாது என்று சொல்ல மாட்டேன். அது தீர்ந்து போகும். 1,80,000 ரூபாயும் ஓராண்டில் கரைந்துவிடும். அடுத்த ஆண்டு தோப்பில் காய் பிடிக்கவில்லை என்றால், பழக்கப்பட்டுவிட்டவர்களிடம் என்ன சொல்வீர்கள்? வட்டியில் நடக்கும் நிலையான ஏற்பாடு, அல்லது சிட்லிங்கி போன்ற நிறுவனம், அல்லது தண்ணீர்ச் சுத்திகரிப்புப் பராமரிப்பு; இவற்றில்தான் பெயரும் நிற்கும், பயனும் நிற்கும். நம் ஊர்க்காரர்கள் கொடை என்றவுடன் அதியமானின் நெல்லிக்கனியை இழுப்போம், நானும் இழுக்கிறேன். ஒரு கனியை எல்லோருக்கும் கீற்றுக் கீற்றாக அறுத்துக் கொடுத்திருந்தால் அந்தக் கதையே இல்லை.

கணக்குப்பிள்ளை (வியாழன், பகல் 1.20)

பழசு ஐயாவுக்கு: 1,80,000 ரூபாயை வைப்பில் போட்டால் வட்டியாக மாதம் ஆயிரம் ரூபாய் அளவில்தான் வரும். மேலே சொன்ன கணக்கில் ஒரு நோயாளிக்கும் துணைக்கும் மாதம் 1,560 ரூபாய் ஆகிறது. நிலையாக நிற்கும், ஆனால் ஒருவருக்குக்கூட முழுதாகப் போதாது. முதலைச் செலவழித்தால் ஒன்பது பேருக்கு ஓராண்டு. டயாலிசிஸ் கட்டிலில் இருப்பவருக்கு ஓராண்டு என்பது சின்னக் கணக்கு இல்லை. ஐயாவின் அடுத்த ஆண்டுக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கொடுக்கும்போதே ‘பன்னிரண்டு மாதம் மட்டும்’ என்று சொல்லிக் கொடுப்பதைத் தவிர.

பாலக்கோட்டுத் தம்பி (ஞாயிறு, இரவு 8.40)

ஆசிரியை அம்மா கேட்ட கேள்விக்குப் பிறகு இரண்டு நாள் வெட்கத்தில் எதுவும் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த இழையையும் கைப்பேசியில் படித்துக் காட்டினேன். பீரோ கதையில் சிரித்தார். பேருந்துக் கணக்கு வந்தபோது என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்தப் பதிவை மட்டும் தானே வாங்கி மறுபடி படித்தார்.

பிறகு அவர் சொன்னது நாங்கள் யாரும் எண்ணிப் பார்க்காதது. தன் கூடத்தில் இருப்பவர்களுக்குத் தன் பெயரில் எதையும் கொடுக்கக்கூடாது என்றார். ‘பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கிறவங்க, ஊசி குத்தின கையோட என்னைப் பாத்துக் கும்பிடணுமா? நாளைக்கு எனக்கு முடியாமப் போனா அவங்கதானே ஆளைக் கூப்பிடுறாங்க’ என்று கேட்டார். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே கூடத்தில், ஒரே மாதிரியான கட்டிலில், வாரம் மூன்று நாள் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பது எனக்கு உறைத்திருக்கவே இல்லை. இயந்திரத்தில் பெயர் பொறிப்பது பற்றிச் சொன்னபோது, ‘என் பேரு போட்ட மெஷின்ல நானே படுக்கணுமா’ என்று மட்டும் கேட்டார்.

முடிவு இதுதான். அக்காவின் பங்கான 60,000 ரூபாயை அவரே, அவர் கணக்கிலிருந்து சிட்லிங்கிக்கு அனுப்புகிறார். அங்கே பெயர் போட்டுக்கொள்ளலாம், படம் வேண்டாம், ‘நலம் வேண்டி’ என்ற சொல்லும் வேண்டாம், கொடுத்தவர் பெயர் போதும் என்கிறார். அண்ணன் பங்கும் என் பங்குமான 1,20,000 ரூபாயை, ஏற்கெனவே நோயாளிகளுக்கு உதவி வரும் நம் மாவட்டத்துச் சிறிய அறக்கட்டளை ஒன்றிடம், மாதம் பத்தாயிரமாகப் பன்னிரண்டு மாதத்துக்குக் கொடுக்கிறோம். கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன விகிதத்தில் ஆறு பேருக்கும் அவர்களுடைய துணைக்கும் போக்குவரத்துச் செலவு. யார் கொடுத்தது என்று சொல்லக்கூடாது என்பது ஏற்பாடு. அவர்களிடம் 80ஜி இருக்கிறது, வெளிநாட்டுப் பணம் வாங்கும் பதிவு இல்லை. தணிக்கை அறிக்கையைக் கேட்டவுடன் எடுத்துக் காட்டினார்கள். அக்கா மகனை, அந்தப் பதிவு உள்ள வேறு ஒரு நிறுவனத்தை விசாரித்து நேராக அனுப்பச் சொல்லியிருக்கிறோம். பழசு ஐயாவின் கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. அண்ணன் இன்னும் அவர் பக்கம்தான்.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் குழம்பினோம். வறுமையை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது? அக்கா தலையணைக்கு அடியிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சத்துணவு மையத்தில் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவேடு எழுதிய அதே கட்டம் போட்ட முறை. தன் ஷிப்டில் வருபவர்களுக்குப் பெயருக்குப் பதிலாகக் கட்டில் எண், எதிரே தேதி. வராத நாளில் ஒரு சுழி. கடந்த எட்டு மாதமாக எழுதியிருக்கிறார். எதற்கு எழுதினீர்கள் என்று கேட்டேன். பழக்கம் என்றார்.

நான்கு மணி நேரம் (ஞாயிறு, இரவு 11.55)

அந்த நோட்டைப் படம் எடுத்து இங்கே போட்டுவிடாதீர்கள். எண்கள்தான் என்றாலும் எங்கள் கூடத்தில் எண்ணைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும். அறக்கட்டளையிடம் காட்டும்போது சுழி அதிகமாக உள்ள கட்டில்களை மட்டும் வாயால் சொல்லுங்கள். இன்னொன்று, பணத்தை மாத முதலில் கொடுக்காமல் இருபதாம் தேதிக்கு மேல் கொடுக்கச் சொல்லுங்கள். சுழிகள் அந்த வாரத்தில்தான் கூடும். உங்கள் அக்காவின் நோட்டிலும் அப்படித்தான் இருக்கும், பாருங்கள்.

பாலக்கோட்டுத் தம்பி (திங்கள், காலை 5.20)

பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது. இருபதாம் தேதி என்று சொல்லிவிட்டேன். இன்று அக்காவின் முறை. பேருந்து நிறுத்தத்திலிருந்து எழுதுகிறேன்.